பந்தல் லைட்டை பீக்கோ 2க்கு மாத்தினப்ப பார்த்தது

பினாங்கு தண்ணிமலை முருகன் கோயிலுக்கு போற வழில நாங்க போடுற தண்ணீர் பந்தல்ல ஒரு பெரிய வேலும் அதுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு மயிலும் எல்இடி ஸ்ட்ரிப்புல செஞ்சு வச்சிருக்கோம், பல வருஷமா அதை ஓட்டினது ஆர்டுயினோ ஊனோங்கற குட்டி கண்ட்ரோலர் போர்டு. 2026 தைப்பூசத்துக்கு அதை எடுத்துட்டு ராஸ்பெர்ரி பை பீக்கோ 2 போட்டாச்சு. நம்ம பினாங்கு பக்கம் இதே மாதிரி கோயில் லைட்டு, பந்தல் லைட்டு, தீபாவளிக்கு வீட்டு வாசல் லைட்டுன்னு ஊனோ வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கிற பசங்க நிறைய பேர், மாத்தலாமாண்ணே, மாத்துனா என்ன ஆகும்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்புறதுக்கு பதிலா மொத்தமா இங்க எழுதி வைக்கிறேன்.

முதல்லயே சொல்லிடுறேன், போர்டு மாத்துறதுன்னா எல்லாரும் லேப்டாப்பை திறந்து ப்ரோக்ராம் கோடை எடுத்து வச்சு உக்காந்துடுறாங்க. கோடு கடைசி வேலைங்க. பழைய போர்டு வாயே திறக்காம உங்களுக்கு என்னென்ன செஞ்சு குடுத்துக்கிட்டு இருந்துச்சுன்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க. எத்தனை வோல்ட் வெளிய விட்டுச்சு, ஒரு பின்னுல எவ்வளவு கரண்ட் இழுத்தோம், பட்டன் எந்த பக்கம் கட்டியிருக்கு, கரண்ட் போய் வந்தா எதை ஞாபகம் வச்சிருந்துச்சு, இதெல்லாம். ஊனோ ரொம்ப நல்ல போர்டு, எதையும் தாங்கும், அதனாலேயே அது என்ன தாங்குதுன்னு நமக்கு தெரியாம போயிடும். புது போர்டு அதையெல்லாம் தாங்காது, அப்பதான் தெரியும்.

சரி எதுக்கு மாத்தணும், ஓடிக்கிட்டு தானே இருந்துச்சுன்னு கேப்பீங்க. ஓடுச்சு, ஆனா சொன்ன பேச்சு கேக்கல. எங்க வேல்ல 300 எல்இடி, மயிலுக்கு 150 150, ஆக மொத்தம் 600. டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப், ஒரு எல்இடிக்கு பச்சை சிவப்பு நீலம்னு மூணு பைட் வேணும், 600 எல்இடிக்கு 1800 பைட். ஊனோல இருக்கிற ஏட்மெகா328பி சிப்புல ராம் மொத்தமே 2 கேபி, அதாவது 2048 பைட். மீதி இருக்கிற 248 பைட்டுக்குள்ள தான் மத்த எல்லா வேரியபிளும், ஸ்டாக்கும், சீரியல் பஃபரும் அடங்கணும். ரெண்டு வருஷமா பந்தல்ல இருக்கிற அக்காங்க எல்லாம் வேலுக்கு மேல ஒரு ஓம் போடு தம்பி போடு தம்பின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, போட இடமில்ல, ஸ்ட்ரிப் வாங்க காசு இருந்தாலும் அதோட கலரை வைக்க ராம்ல இடமில்ல.

அதை விட பெரிய பிரச்சினை இன்டரப்ட், அதாவது வெளிய இருந்து டேட்டா வந்தா சிப் கைல இருக்கிற வேலையை நிறுத்திட்டு அதை கவனிக்கிற ஏற்பாடு. இந்த ஸ்ட்ரிப்புக்கு ஒரு பிட் அனுப்ப 1.25 மைக்ரோ செகண்ட், ஒரு எல்இடிக்கு 24 பிட், அப்ப 30 மைக்ரோ செகண்ட், 600 எல்இடிக்கு 18 மில்லி செகண்ட். இந்த 18 மில்லி செகண்ட்ல டைமிங் கொஞ்சம் பிசகினாலும் கலர் மாறிடும், அதனால ஊனோல ஸ்ட்ரிப்பை ஓட்டற நியோபிக்சல் லைப்ரரி டேட்டா அனுப்பி முடியற வரைக்கும் இன்டரப்ட்டை மொத்தமா நிறுத்தி வச்சிடும். நாங்க கலர் மாத்துறது ஃபோன்ல இருந்து எச்சி-05 ப்ளூடூத் மாடியூல் வழியா, 9600 பாட். அந்த வேகத்துல ஒரு பைட் வர ஒரு மில்லி செகண்டுக்கு கொஞ்சம் மேல ஆகும், அப்ப ஒரு தடவை ஸ்ட்ரிப்புக்கு அனுப்பற நேரத்துல பதினேழு பைட் வரைக்கும் வந்து நிக்கலாம், சிப்போட சீரியல் பகுதில ரெண்டு பைட்டுக்கு தான் இடம், மீதி எல்லாம் காணாம போயிடும். மாமாக் கடைல கூட்ட நேரத்துல ரொட்டி வீசிக்கிட்டு இருக்கிறவர் கிட்ட ஆர்டர் சொன்னா காதுல விழாத மாதிரி தான்.

தேர் வர்ற நேரத்துல இது எப்படி இருக்கும்னு பாருங்க. தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டுல இருந்து வெள்ளி ரதம் கிளம்பி வரும், 2017ல இருந்து குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில்ல இருந்து தங்க ரதமும் வருது. ரதம் பந்தலுக்கு முன்னாடி வந்து நிக்கும்போது வேலு முழுக்க பொன் கலர்ல நிலையா எரியணும், அது வரைக்கும் ஓடிக்கிட்டு இருந்த ரெயின்போ எல்லாம் நிக்கணும், இது எங்க பந்தல்ல வழக்கம். "தம்பி, தேர் வந்திருச்சு, பொன்னுக்கு மாத்து, மாத்து"ன்னு அங்கிள் கத்துவாரு, இங்க ஃபோனை அமுக்கினா போகாது, மறுபடி அமுக்கினா போகாது, அர்ச்சனைத் தட்டை நீட்டிக்கிட்டு எல்லாரும் நிக்கறாங்க வேல் மட்டும் ஊதாவும் பச்சையுமா ஓடிக்கிட்டு இருக்கும். சாமி முன்னாடி அப்படி நிக்கறது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்ல. இதுக்காக தான் மாத்தினேன், புது போர்டு ஆசைக்காக இல்ல.

எந்த போர்டுன்னு யோசிச்சப்ப மூணு இருந்துச்சு. ஊனோ ஆர்4 மினிமா, 2023ல வந்தது, ரெனசாஸ் சிப், 48 மெகா ஹெர்ட்ஸ், 32 கேபி ராம், 5 வோல்ட் போர்டு, பழைய ஊனோ அளவு, மேல சொருகுற பழைய ஷீல்டு போர்டு அப்படியே உக்காரும். அதிகம் வயரிங் மாத்த விருப்பம் இல்லாதவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன், தாராளமா வாங்குங்க, ஆனா ஒரு பின்னுக்கு 8 மில்லி ஆம்ப் தான் தாங்கும்ங்கறதை மட்டும் மறக்காதீங்க. ரெண்டாவது இஎஸ்பி32, அதை நம்ம பசங்க நிறைய பேர் வைஃபையோட பயன்படுத்துறாங்க, நல்ல சிப் தான், ஆனா தைப்பூச கூட்டத்துல ஒவ்வொரு கைலயும் ஒரு ஃபோன் இருக்கிற இடத்துல வைஃபையை நம்பி கண்ட்ரோல் வைக்க எனக்கு விருப்பமில்ல. மூணாவது பீக்கோ 2. 2024 ஆகஸ்டுல வந்துச்சு, விலை 5 அமெரிக்க டாலர்னு அறிவிச்சாங்க, 150 மெகா ஹெர்ட்ஸ், ரெண்டு கோர், 520 கேபி ராம், 4 எம்பி ஃபிளாஷ். நான் இதை எடுத்ததுக்கு வேகமோ ராமோ காரணம் இல்ல, பிஐஓ தான் காரணம்.

பிஐஓன்னா சிப்புக்குள்ளேயே இருக்கிற குட்டி குட்டி மெஷின்கள், பின்னை மேல தூக்கு கீழ போடு இவ்வளவு நேரம் காத்திருங்கறது மட்டும் தான் அதுக்கு வேலை, ஆனா அதை ஒரு கிளாக் கூட பிசகாம செய்யும். பழைய பீக்கோல எட்டு இருந்துச்சு, பீக்கோ 2ல மூணு பிளாக், பிளாக்குக்கு நாலு, மொத்தம் பன்னெண்டு. டபிள்யூஎஸ்2812 ஸ்ட்ரிப்புக்கு தேவையான பிஐஓ ப்ரோக்ராம் மொத்தமே நாலு இன்ஸ்ட்ரக்ஷன், ராஸ்பெர்ரி பை காரங்களே உதாரண கோடா குடுத்திருக்காங்க. அதுக்கு டேட்டாவை டிஎம்ஏ, அதாவது ப்ராசசர் உதவி இல்லாம டேட்டாவை நகர்த்தற பகுதி, கொண்டு போய் கொட்டும். ப்ராசசருக்கு வேலையே இல்ல, இன்டரப்ட்டை நிறுத்த தேவையே இல்ல, ஸ்ட்ரிப்புக்கு டேட்டா போய்க்கிட்டு இருக்கும்போதே ப்ளூடூத்ல வர்ற ஒவ்வொரு பைட்டும் வந்து சேரும். முதல் தடவை இதை மேசை மேல ஓட்டி பார்த்துட்டு ஃபோன்ல கலர் கலரா வேகமா அமுக்கிக்கிட்டே இருந்தேன், அமுக்கின ஒவ்வொண்ணும் மாறுச்சு, ஒண்ணு கூட விடல. ரொம்ப நேரம் அதையே பண்ணிக்கிட்டு இருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

இப்ப வேல் ரெண்டு லைன், மயில் ஒவ்வொண்ணும் ஒரு லைன், புதுசா ஓம் ஒரு லைன்னு அஞ்சு லைனா பிரிச்சாச்சு, லைனுக்கு 150 எல்இடி. எல்லா லைனும் ஒரே நேரத்துல போறதால 750 எல்இடிக்கும் சேர்த்து 4.5 மில்லி செகண்ட் தான். ஒரு பிளாக்குல நாலு மெஷின் தான் இருக்குன்னு சொன்னேன்ல, அஞ்சாவது லைன் ரெண்டாவது பிளாக்குக்கு போகும், அந்த பிளாக்குலயும் ப்ரோக்ராமை தனியா ஏத்தணும், இதை விட்டுட்டா நாலு லைன் எரியும் அஞ்சாவது இருட்டா இருக்கும். கலரை 32 பிட் வார்த்தையா குடுக்கணும், பச்சை முதல்ல, அப்புறம் சிவப்பு, அப்புறம் நீலம், அந்த 24 பிட்டையும் இடது பக்கம் 8 தள்ளி குடுக்கணும். இன்னொண்ணு, டிஎம்ஏ முடிஞ்சிடுச்சுன்னு சொன்னா டேட்டா ஸ்ட்ரிப்புக்கு போய் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, பிஐஓ வரிசைல இன்னும் எட்டு எல்இடி டேட்டா வரைக்கும் நின்னுக்கிட்டு இருக்கும், அதுக்கு மேல ஸ்ட்ரிப்புக்கு ரீசெட்டுக்கு 280 மைக்ரோ செகண்ட் சும்மா விடணும். நான் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவுல தாராளமாவே இடைவெளி விட்டுட்டேன், செகண்டுக்கு 50 ஃப்ரேம் போதும், கண்ணுக்கு அதுக்கு மேல தெரியப்போறது இல்ல.

இப்ப வயரிங்குக்கு வரேன், நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான்.

ஊனோ பின்னுல இருந்து வர்றது 5 வோல்ட். பீக்கோ 2 பின்னுல வர்றது 3.3 வோல்ட். ஸ்ட்ரிப்போட டேட்டாஷீட்ல, சப்ளை வோல்டேஜ்ல 0.7 மடங்குக்கு மேல இருந்தா தான் அது ஒண்ணுன்னு எடுத்துக்கும்னு போட்டிருக்கு, 5 வோல்ட் சப்ளைக்கு 3.5 வோல்ட். நம்ம கிட்ட இருக்கிறது 3.3. ஆனா யாரு கேட்டாலும் "நான் நேரடியா தான் குடுத்தேன்ணே, நல்லா எரியுதே"ன்னு சொல்லுவாங்க, அவங்க பொய் சொல்லல. வீட்டுல மேசை மேல வச்சு டெஸ்ட் பண்ணும்போது யூஎஸ்பி சார்ஜர்ல இருந்து சப்ளை குடுத்திருப்பாங்க, ஸ்ட்ரிப் கரண்ட் இழுக்க இழுக்க அந்த 5 வோல்ட் 4.6, 4.7க்கு இறங்கிடும், 4.7ல 0.7 மடங்குன்னா 3.29, அப்ப 3.3 வோல்ட் மயிரிழைல பாஸ் ஆகிடும். அதே ஸ்ட்ரிப்பை பந்தல்ல நல்ல பெரிய பவர் சப்ளைல மாட்டுங்க, கெட்டியா 5 வோல்ட் நிக்கும், இல்ல வயர்ல விழுற வோல்டேஜை சரிக்கட்ட நாமளே 5.1க்கு திருகி வச்சிருப்போம், உடனே முதல் எல்இடில இருந்து கண்டபடி மின்னும். சப்ளை நல்லா இருந்தா தான் கெடும், இது தெரியாம ஸ்ட்ரிப்பை குத்தம் சொல்லி புது ஸ்ட்ரிப் வாங்கினவங்களை எனக்கு தெரியும்.

இதுக்கு மருந்து 74எச்சிடி245 சிப் ஒண்ணு, இல்ல 74ஏஎச்சிடி125. இதுக்கு 5 வோல்ட் சப்ளை குடுத்தாலும் 2 வோல்ட்டுக்கு மேல வந்தாலே ஒண்ணுன்னு எடுத்துக்கும், வெளிய முழு 5 வோல்ட் குடுக்கும். கடைல கேக்கும்போது எச்சிடின்னு தெளிவா சொல்லுங்க, அந்த டி ரொம்ப முக்கியம். வெறும் 74எச்சி245 குடுத்தாங்கன்னா அதுவும் 3.5 வோல்ட் தான் கேக்கும், வாங்கியும் வாங்காத மாதிரி தான். 245ல எட்டு வழி இருக்கு, எங்களுக்கு அஞ்சு போதும், மீதி இன்புட்டை கிரவுண்டுல கட்டி விட்டேன். அவுட்புட் எனேபிள் பின்னை கிரவுண்டுல கட்டணும், திசை பின்னை எந்த பக்கம் போகணுமோ அப்படி கட்டணும். சிப்பை பீக்கோ பக்கத்துலயே வச்சு, ஒவ்வொரு லைன்லயும் 330 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டு, அங்க இருந்து டேட்டா வயரையும் கிரவுண்ட் வயரையும் முறுக்கி ஜோடியா ஸ்ட்ரிப்புக்கு கொண்டு போனேன். வேலோட நுனி வரைக்கும் வயர் நீளம், ஆனாலும் ஒரு மின்னல் இல்ல.

எச்சி-05க்கு இதுக்கு நேர் எதிர். அதோட ஆர்எக்ஸ் பின் 3.3 வோல்ட் சமாச்சாரம், ஊனோ 5 வோல்ட் விடுறதால ஒரு 1 கே ஒரு 2 கே ரெசிஸ்டர் போட்டு குறைச்சு வச்சிருந்தோம். பீக்கோக்கு மாத்தும்போது அந்த ரெண்டையும் எடுத்துடுங்க, அப்படியே விட்டா 3.3ல மூணுல ரெண்டு பங்கு, 2.2 வோல்ட் தான் போய் சேரும், ஒரு நாள் கேக்கும் ஒரு நாள் கேக்காது. பிரைட்னஸ் கூட்டி குறைக்கிற வால்யூம் குமிழ் 5 வோல்ட்ல இருந்துச்சு, அதை 3.3க்கு மாத்தியே ஆகணும். பீக்கோ 2ல டிஜிட்டல் பின் எல்லாம் போர்டுக்கு பவர் இருக்கும்போது 5 வோல்ட் தாங்கும்னு சிப்போட டேட்டாஷீட்ல இருக்கு, ஆனா அனலாக் பின் தாங்காது, அந்த வித்தியாசத்தை கவனிக்காம குமிழை 5ல விட்டா சிப் போயிடும். பஸ்ஸர் ஒண்ணு பின்னுலயே நேரா மாட்டியிருந்துச்சு, ஊனோ ஒரு பின்னுல 20 மில்லி ஆம்ப் சாதாரணமா குடுக்கும், பீக்கோல ஆரம்ப அளவு 4, ஏத்தினா 12. அதனால பஸ்ஸருக்கு ஒரு சின்ன டிரான்சிஸ்டர் போட்டாச்சு. அதுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல.

அடுத்தது பட்டன், இதை கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். பந்தல்ல ஒரு பெரிய சிவப்பு பட்டன் இருக்கு, ஃபோன் என்ன ஆனாலும் சரி, அதை அமுக்கினா நேரா பொன் கலர். பழைய வயரிங்ல பட்டனோட ஒரு கால் 5 வோல்ட்ல, இன்னொரு கால் பின்னுல, பின்னுல இருந்து 10 கே ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு. பழைய புத்தகத்துல எல்லாம் இப்படித்தான் படம் போட்டிருக்கும். பீக்கோ 2ல இருக்கிற ஆர்பி2350 சிப்போட முதல்ல வந்த ஏ2 வகைல ஒரு குறை இருக்கு, எர்ராட்டா (தெரிஞ்ச குறைகளோட பட்டியல்) ஈ9னு கம்பெனியே டேட்டாஷீட்டோட பின்னாடி எழுதி வச்சிருக்காங்க. இன்புட்டா வச்ச பின் மேல போய்ட்டு கீழ இறங்கும்போது, நடுவுல பின்னே கொஞ்சம் கரண்ட்டை கசிய விட்டு தன்னை தானே பிடிச்சுக்கும், பின்னை பூஜ்யத்துக்கு இழுக்க உள்ள இருக்கிற புல் டவுன் ரெசிஸ்டருக்கு அதை கீழ இழுக்க பலம் போதாது.

இதை என் அக்கா மகன் கிட்ட காட்டலாம்னு ப்ரெட்போர்டுல பின்னை உள்ளுக்குள்ள இருக்கிற புல் டவுனோட வச்சு ஒரு பட்டன் மாட்டி குடுத்தேன். அமுக்கினான், விட்டான், ஸ்க்ரீன்ல இன்னும் ஒண்ணுன்னே நிக்குது. "மாமா, நான் கையை எடுத்துட்டேன், இது இன்னும் அமுக்கியே இருக்குங்குது"ன்னான். மல்டிமீட்டரை வச்சு பாருடான்னேன், பின்னுல 2.2 வோல்ட்டுக்கு பக்கத்துல நிக்குது, பூஜ்யமும் இல்ல 3.3யும் இல்ல. அவனுக்கு கண்ணு விரிஞ்சு போச்சு. அப்புறம் 4.7 கே ரெசிஸ்டர் ஒண்ணை பின்னுல இருந்து கிரவுண்டுக்கு தொட்டேன், பட்டுன்னு பூஜ்யத்துக்கு இறங்குச்சு. 8.2 கே அல்லது அதுக்கு கீழ இருந்தா இழுத்துடும்னு கம்பெனி சொல்றாங்க. நம்ம பழைய வயரிங்ல இருக்கிறது 10 கே, பாருங்க, கொஞ்சத்துல தவறுது. எல்லாரும் கை பழக்கத்துல எடுக்கிற ரெசிஸ்டரே 10 கே தான், அதனால தான் இவ்வளவு சொல்றேன்.

நான் 8.2 கேயெல்லாம் தேடல, பட்டனையே திருப்பி கட்டிட்டேன். ஒரு கால் கிரவுண்டுல, இன்னொரு கால் பின்னுல, பின்னை மேல இழுக்க 4.7 கே புல் அப் ரெசிஸ்டர் 3.3 வோல்ட்டுக்கு, நீள வயர்ங்கறதால 100 நானோ ஃபேரட் கெப்பாசிட்டர் ஒண்ணு. புல் அப்புக்கு இந்த குறை கிடையாது. கோடுல அமுக்கினா பூஜ்யம், விட்டா ஒண்ணுன்னு மாத்தணும், அவ்வளவு தான். 2025ல வந்த ஏ4 வகைல இந்த குறையை சரி பண்ணிட்டாங்க. சிப் மேல எழுத்தை நல்ல வெளிச்சத்துல வச்சு பாருங்க, ஆர்பி2350ஏ0ன்னு ஆரம்பிச்சு அடுத்து ஏ2வா ஏ4ஆன்னு இருக்கும். ஏ2 போர்டு கைல இருந்தா தூக்கி போட வேணாம், பட்டனை இப்படி கட்டினா ரெண்டுலயும் ஒரே மாதிரி ஓடும்.

இது சம்பந்தமா மனசுல இருக்கிறதை சொல்லிடுறேன். எங்க பாயான் லெப்பாஸ்ல 1972ல ஃப்ரீ ட்ரேட் சோன் திறந்தப்ப இன்டெல் மாதிரி கம்பெனிங்க வந்தாங்க, எஸ்டேட்ல இருந்தும் டவுன்ல இருந்தும் நம்ம அம்மாங்க அத்தைங்க எத்தனையோ பேர் ஃபேக்டரி பஸ் ஏறி போய் மைக்ரோஸ்கோப்புல கண்ணை வச்சு சிப் செஞ்சாங்க. நானும் அதே பக்கம் ஒரு ஃபேக்டரில டெஸ்ட் டெக்னீஷியன் தான். ஒரு சிப்புல குறை இருந்தா அதை நம்பர் போட்டு, எப்ப வரும், எப்படி தப்பிக்கணும், எந்த வகைல சரி பண்ணியிருக்குன்னு எழுதி வெளிய விடுறது சின்ன விஷயம் இல்ல, அந்த பக்கங்களை படிக்காம போர்டை குறை சொல்ல கூடாது. போர்டு வாங்கினா முதல் ராத்திரி எர்ராட்டா பகுதியை படிங்க, அப்புறம் வயரை தொடுங்க.

கோடுக்கு வந்தா, நான் கோடு எழுதற ஆர்டுயினோ ஐடிஇ சாஃப்ட்வேரை விட்டு போகல. ஏர்ல் ஃபில்ஹவர் எழுதின பீக்கோ கோர்ங்கற சப்போர்ட் பேக்கேஜை போட்டா அதே ஐடிஇல பீக்கோ 2க்கு எழுதலாம், பிஐஓவையும் டிஎம்ஏவையும் அதுக்குள்ள இருந்தே கூப்பிடலாம். லூப் மாதிரியே லூப்1னு ஒண்ணு எழுதினா அது சிப்போட ரெண்டாவது கோர்ல ஓடும், அனிமேஷனை அங்க போட்டுட்டு ப்ளூடூத்தையும் பட்டனையும் முதல் கோர்ல வச்சுட்டேன்.

பழைய கோடை அப்படியே ஏத்தினா கம்பைல் ஆகும், ஆனா ரெண்டு இடத்துல கவனிக்கணும். ஒண்ணு, ஊனோல இன்ட்ங்கறது 16 பிட், பீக்கோல 32 பிட். எங்க ரெயின்போல ஒரு அன்சைன்ட் இன்ட் கவுன்ட்டர் ஏறிக்கிட்டே போகும், 65535 தாண்டினதும் தானா பூஜ்யத்துக்கு வந்துடும், அந்த தானா வர்றதை வச்சு தான் மொத்த அனிமேஷனும் எழுதியிருக்கு, அதை 8 பிட் வலது பக்கம் தள்ளி 256 கலர் இருக்கிற டேபிள்ல தேடும். 32 பிட்டா ஆனா அது 65535ல நிக்காது, மேல மேல போகும், டேபிளுக்கு வெளிய போய் எதையோ கலர்னு எடுத்துட்டு வரும். எங்கெங்க 16 பிட் தானா சுத்தி வர்றதை நம்பி இருக்கோ அங்கெல்லாம் யூஇன்ட்16ன்னு அளவை தெளிவா எழுதிட்டா முடிஞ்சது. கோடு முழுக்க வெறும் இன்ட் போட்டிருக்கிறவங்க ஒரு தடவை பொறுமையா உக்காந்து மாத்திடுங்க, அடுத்த தடவை எந்த போர்டுக்கு போனாலும் அந்த வேலை மிச்சம்.

ரெண்டாவது ஈப்ராம், கரண்ட் போனாலும் அழியாத மெமரி. கடைசியா எந்த கலர்ல இருந்துச்சுன்னு ஊனோ ஞாபகம் வச்சிருக்கும், அதுல நிஜமாவே 1 கேபி ஈப்ராம் இருக்கு. பீக்கோ 2ல ஈப்ராமே கிடையாது, ஃபிளாஷ்ல ஒரு பகுதியை ஈப்ராம் மாதிரி நடிக்க வைக்கிறாங்க. அதனால ஆரம்பத்துல பிகின் சொல்லணும், எழுதினதுக்கு அப்புறம் கமிட் சொல்லணும், கமிட் சொல்லலைன்னா எழுதினது ராமோட போயிடும். கமிட் பண்ணும்போது 4 கேபி பகுதியை மொத்தமா அழிச்சு எழுதும், ப்ரோக்ராமும் அதே ஃபிளாஷ்ல இருந்து தான் ஓடுதுங்கறதால அந்த நேரத்துக்கு ரெண்டு கோரும் நிக்கும், அனிமேஷன் ஒரு துளி தடுக்கும். பந்தல்ல ஜென்செட்டுக்கு (ஜெனரேட்டருக்கு) எண்ணெய் ஊத்த நிறுத்துவாங்க, திரும்ப போடுவாங்க, இது நடந்துக்கிட்டே இருக்கும். அதனால கலர் மாறின உடனே எழுதாம, மாறி பத்து செகண்ட் அப்படியே இருந்தா மட்டும் எழுதற மாதிரி வச்சேன், ஃபிளாஷும் தேயாது, தடுக்கறதும் கண்ணுல படாது. தேர் நிக்கிற பொன் கலர்ல இருக்கும்போது எழுதவே எழுதாது.

பவர் பத்தி ஒரு வார்த்தை. ஒரு எல்இடி முழு வெள்ளைல 60 மில்லி ஆம்ப், 750க்கு 45 ஆம்ப். அவ்வளவு ஓட்டறது இல்ல, கோடுலயே மொத்த பிரைட்னஸுக்கு ஒரு எல்லை போட்டிருக்கு, ராத்திரில அந்த எல்லைக்குள்ளயே தெரு முழுக்க தெரியும். ஆனா வயரும் ஃப்யூஸும் அந்த எல்லையை நம்பி போட கூடாது, ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃப்யூஸ், ரெண்டு முனைலயும் சப்ளை. பீக்கோக்கு அதே 5 வோல்ட் சப்ளைல இருந்து ஒரு ஷாட்கி டயோட் வழியா விசிஸ் பின்னுக்கு குடுத்தேன், டயோட் இருந்தா தான் பந்தல்ல நிக்கும்போதே லேப்டாப்பை யூஎஸ்பில சொருகினாலும் ரெண்டு சப்ளையும் மோதாது. ஊனோல ஒரு உருண்டை ஜாக் இருக்கும், 9 வோல்ட் 12 வோல்ட் அடாப்டர்னு கைக்கு கிடைச்சதை சொருகலாம், பீக்கோல 5.5 வோல்ட் தான் உச்சம், பழைய அடாப்டர் எதையும் பக்கத்துல வைக்காதீங்க.

பெட்டி ரொம்ப முக்கியம் நம்ம ஊருக்கு. ரதத்துக்கு முன்னாடி ரோட்டுல தேங்கா உடைக்கிறது எப்படி இருக்கும்னு பினாங்குல பொறந்தவங்களுக்கு சொல்ல வேணாம், சில்லு பறக்கும், தேங்கா தண்ணி தெறிக்கும், காஞ்சா பிசுபிசுன்னு ஒட்டும். ரப்பர் வளையம் வச்ச மூடியோட பெட்டி வாங்கி, வயர் எல்லாம் கீழ பக்கமா கேபிள் கிளாண்ட் வழியா வெளிய எடுத்து, போர்டை அடில படாம ஸ்டாண்ட் மேல தூக்கி வச்சிருக்கேன். பீக்கோவை நேரா சோல்டர் பண்ணல, சாக்கெட்ல உக்கார வச்சிருக்கு.

சாக்கெட் எதுக்குன்னா ஸ்பேருக்கு. அதே கோடு ஏத்தின இன்னொரு பீக்கோ 2 ஒரு ஜிப்லாக் பைல பெட்டிக்குள்ளேயே ஒட்டி இருக்கு, ஓடிக்கிட்டு இருக்கிறது போனா அதை உருவிட்டு இந்த ஸ்பேரை சொருகலாம். புக்கிட் மெர்தாஜாம்ல சைட்ரான் எலக்ட்ரானிக்ஸ் கடை இருக்கிறதால நம்ம பக்கம் போர்டு வாங்கறது கஷ்டம் இல்ல, ஆனா தைப்பூசத்தன்னைக்கு யாரும் கடைக்கு ஓட முடியாது, வாங்கும்போதே ரெண்டா வாங்கிடுங்க. கம்பைல் பண்ண கோடு இருக்கிற யூஎஃப்2 ஃபைலை ஒரு தம்ப் டிரைவ்ல போட்டு அதையும் பைல வச்சாச்சு. பூட்செல் பட்டனை அமுக்கிக்கிட்டே யூஎஸ்பில சொருகினா பீக்கோ ஒரு டிரைவ் மாதிரி வரும், ஃபைலை இழுத்து போட்டா போதும், ஐடிஇ எதுவும் வேணாம், நான் இல்லாத நேரத்துல அக்கா மகனே பண்ணிடுவான். ஒரு எச்சரிக்கை, பழைய பீக்கோக்கு கம்பைல் பண்ண யூஎஃப்2 பீக்கோ 2ல ஓடாது, ரெண்டும் பார்க்க ஒரே அளவு, ஒரே 40 பின், அவசரத்துல கை மாறிடும். எங்க பெட்டில இருக்கிற ரெண்டு பீக்கோ 2 மேலயும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வச்சிருக்கோம், ஃபைல் பேர்லயும் 2ன்னு போட்டிருக்கோம்.